மூன்று மணிக்கு அறுந்த சிக்னல்

திகன பஸ்ஸில் ஏணியோடு ஏறுகிற பெண் ஒருத்திதான் இருக்கிறாள். கண்டக்டர்மார் அவளுக்கு 'ஏணி நங்கி', ஏணித் தங்கச்சி, என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஏணிக்கும் அரை டிக்கட் எடுக்கச் சொல்லிப் பகிடி பண்ணுவார்கள். நிலூஷா சளைக்கிற ஆள் இல்லை. ஏணிக்கு ஒரு சீட் கொடுங்கள், முழு டிக்கட்டே எடுக்கிறேன் என்று சிங்களத்திலேயே திருப்பிக் கொடுப்பாள்.

வயது முப்பத்து மூன்று. பிறந்தது ஹந்தானைத் தோட்டத்து லயத்தில். அம்மா பேச்சியம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறார். தொழில்நுட்பக் கல்லூரியில் மின்சார வேலை படித்தபோது வகுப்பில் இரண்டே பெண்கள். மற்றவள் பாதியில் கல்யாணம் கட்டிக்கொண்டு போய்விட்டாள். நிலூஷா நாலு வருஷம் போன் திருத்தும் கடையில் குனிந்தே இருந்து கழுத்துவலி வாங்கிக்கொண்டாள். பிறகு கண்டி டவுனில் ஜீவன் நடத்தும் கடைக்கு மாறினாள். கமரா, தானாகத் திறக்கிற கேட் என்று தொடங்கிய கடை அது. இப்போது பாதி வேலை சென்சர்தான்.

தீப்பெட்டி அளவு சாமான் அது. கதவில் ஒட்டினால் கதவு திறந்ததைச் சொல்லும். பாத்ரூமில் ஒட்டினால் ஆள் உள்ளே போனதைச் சொல்லும். வயர் கிடையாது. சொல்வதை எல்லாம் எங்கோ தூரத்தில் இருக்கிற ஒரு மகனின், ஒரு மகளின் போனுக்குச் சொல்லும். கண்டியைச் சுற்றிப் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிற வீடுகளுக்குக் குறைவில்லை. அதனால் நிலூஷாவுக்கும் வேலைக்குக் குறைவில்லை.

சென்சர் ஒழுங்காக ஓடுகிற நாளில் அவளை யாரும் நினைப்பதில்லை. தொடர்பு அறுந்தால்தான் அவள் போன் அலறும். அந்த ஒக்டோபரில் அதிகம் அலறியது திகன வீட்டால்தான்.

அது முஹம்மது ஹாஜியாரின் வீடு. எழுபத்தெட்டு வயது. பாரிசவாதம் வந்து இடது காலை இழுத்து நடக்கிறவர். மனைவி மௌத்தாகி மூன்று வருஷம். ஒரே மகள் மஸாஹிரா மெல்பனில். ஹாஜியாரைப் பார்த்துக்கொள்வது ரத்தினம்மா. தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டத்துக்காரி, ஐம்பதைத் தொட்டவள். மஸாஹிராவின் உம்மா படுக்கையில் விழுந்த காலத்தில் வந்து, ஆறு வருஷமாக அந்த வீட்டிலேயே இருக்கிறாள்.

ஓகஸ்டில் லீவில் வந்த மஸாஹிராதான் சென்சர் போட வைத்தாள். முன்கதவில் ஒன்று, பின்கதவில் ஒன்று, ஹாஜியாரின் அறையில் ஒன்று, பாத்ரூமில் ஒன்று. பொருத்தியது நிலூஷா. ஓகஸ்ட், செப்டம்பர் இரண்டு மாதமும் ஒரு முணுமுணுப்பு இல்லை. தீபாவளி முடிந்த கிழமையில்தான் தொடங்கியது. சில நாட்களில், பின்னேரம் மூன்று மணி வாக்கில், முன்கதவைத் தவிர மற்ற மூன்றும் ஒன்றாகக் காணாமல் போகும். அடுத்த நாள் காலையில் ஒன்றுமே நடக்காததுபோல வந்து நிற்கும்.

மூன்று மணி என்பது ஹாஜியார் லுஹர் தொழுது, சாப்பிட்டு, கண் அயர்கிற நேரம். பின்கதவுக்கு அப்பால் ரோட்டுக்குப் போகிற ஒழுங்கை. மஸாஹிரா மெல்பனில் இருந்துகொண்டு இதையெல்லாம் கோத்துப் பார்த்தாள்.

புதன்கிழமை காலையில் நிலூஷாவுக்கு அவளுடைய அழைப்பு வந்தது.

"நிலூஷா, நேராக் கேக்கிறன். அத ஆராவது கையால நிப்பாட்ட ஏலுமா?"

"ஏலும் மிஸ். பெட்டரியக் கழட்டினா நின்னுரும்."

"ரத்தினம்மா தீபாவளி லீவு முடிஞ்சு வந்த கெழமயிலதான் இது தொடங்கின. வாப்பா தூங்கின பொறகு பின்கதவால எங்கயோ போறா. அது எனக்கித் தெரியக் கூடாதுன்னு நிப்பாட்டுறா. வேற என்ன?"

"அப்படிச் சொல்ல முடியாது மிஸ். சிக்னலும் அறுந்து போகும்."

"சனிக்கிழமைக்குள்ள எனக்கி எழுத்துல ஒரு பதில் வேணும். ஏஜென்சில வேற ஆள் பார்த்து வச்சிட்டன்." அதுவரை அதிகாரியின் குரல். பிறகு உடைந்தது. "வாப்பா பாத்ரூம்ல விழுந்து கெடந்தா எனக்கி ஆரு செல்ற? அவவ நான் எங்கட உம்மாக்குப் பொறகு உம்மா மாதிரி நெனச்சேன்."

நிலூஷா ஏற்கெனவே இரண்டு தடவை போய்விட்டாள். முதல் தடவை பெட்டரி எல்லாம் மாற்றினாள். இரண்டாம் தடவை, சென்சர்கள் பேசுகிற ஹப் என்னும் மெயின் பெட்டியை இன்டர்நெட் ரவுட்டருக்குப் பக்கத்திலிருந்து தள்ளி வைத்து, அலைவரிசையையும் மாற்றிவிட்டு வந்தாள். இரண்டு தடவையும் காலையில். பின்னேர மழைக் காலத்தில் வீட்டு வேலைகளை மத்தியானத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்பது ஜீவனின் சட்டம். ஈர ஏணியில் யாரும் ஏறக்கூடாது. அவள் போகிற நேரமெல்லாம் எல்லாச் சென்சரும் பச்சையில் நிற்கும், டொக்டரைக் கண்டதும் மறைகிற பல்வலிபோல.

"நாளைக்கு நான் அங்க பின்னேரம் வரைக்கும் இருக்கப் போறேன்" என்று ஜீவனிடம் சொன்னாள்.

"மழையில அங்க இருந்து என்ன செய்யப் போறே? ஒரே வீட்டுக்கு மூணாந்தரம் போற ஆளுக்குத்தான் நான் ஹோட்டல் வேலையக் குடுக்கணுமா?" நாற்பது அறை ஹோட்டல் ஒன்று அவர்களுக்குக் கிடைத்திருந்தது. அதைத் தலைமை தாங்கிச் செய்யப்போவது நிலூஷா என்று பேச்சு. "போ, ஆனா ரிப்போர்ட்டோட வா. பெட்டரியா, சிக்னலா, பாவனையாளர் தவறா? மூணுல ஒண்ணுல கோடு போடு. அவ்வளவுதான்."

வியாழக்கிழமை பத்தரைக்கு அவள் திகன வீட்டுக்குள் போனபோது ரத்தினம்மா தேத்தண்ணியோடு வந்தாள். கோப்பையை வைத்துவிட்டு நகரவில்லை.

"என்னயத்தான் சொல்றாங்க, இல்ல?"

நிலூஷா கோப்பையை எடுத்து ஊதினாள்.

"எனக்குத் தெரியும் பிள்ள. முந்தி மஸாஹிராம்மா போன் எடுத்தா என்கிட்டயும் பேசுவாங்க. இப்ப ஹாஜியார்கிட்ட மட்டும் பேசிட்டு வச்சிர்றாங்க." முந்தானையால் மேசையின் இல்லாத தூசியைத் துடைத்தாள். "வேல போனா போகட்டும். இந்த முழங்காலோட மலையேறிக் கொழுந்தெடுக்க ஏலாது, ஆனா எங்கயாவது கஞ்சி கெடைக்கும். களவாணின்னு பேரோட போறதுதான் ஏலாது. ஒரு ஊரு முழுக்க அந்தப் பேரு நமக்கு முன்னாடி போய்ச் சேர்ந்துரும்."

உள்ளே இருந்து ஹாஜியார் குரல் கொடுத்தார். "ஆரு ரத்தினம், ஏணிப் புள்ளயா? மூணாந்தரம் வந்துட்டா. இனி அவக்கும் ஒரு கட்டில் போடு."

ஒரு மணி வரை நிலூஷா முன்ஹோலில் ஒரு கதிரையில் இருந்து ஹப்பின் முழுப் பதிவையும் லப்டொப்பில் இறக்கிப் பார்த்தாள். போனில் மஸாஹிராவுக்கு வருவது சுருக்கம்தான். விவரம் பதிவில் இருக்கும். மோசமான நாட்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, நிமிஷக் கணக்கில் பார்த்துக்கொண்டே போனவள் ஓர் இடத்தில் நிமிர்ந்தாள்.

முதலில் போனது சென்சர்கள் இல்லை. நடை பிளக்.

அது பழைய காலத்து நீள வீடு. நடுவில் இரண்டு முழம் தடித்த கருங்கல் சுவர். காசளவு பெட்டரியில் ஓடுகிற சென்சரின் குரல் அந்தச் சுவரைத் தாண்டி முன்ஹோலுக்குக் கேட்காது. அதனால் நிலூஷா நடுநடையில், சுவர்ப் பொயிண்டில், ஒரு வெள்ளை பிளக்கைச் செருகி வைத்திருந்தாள். அதில் ஒரு மின்விளக்குகூட மாட்டியிருக்கவில்லை. பின்பக்கத்து மூன்றும் சொல்வதைக் கேட்டு ஹப்புக்குக் கைமாற்றிவிடுவது மட்டும்தான் அதன் வேலை. ஒரு தரகரைப்போல. தரகர் போனால் அந்த மூன்றும் ஊமை.

ஒவ்வொரு மோசமான நாளிலும் அந்த பிளக்தான் முதலில் செத்திருந்தது. ஒரு நாள் இரண்டு இருபதுக்கு, ஒரு நாள் மூன்றுக்கு, ஒரு நாள் மூன்றரைக்கு. காலையில் ஆறரைக்கும் ஏழுக்கும் இடையில் உயிர் வந்திருந்தது. பழுதான பிளக் இப்படி நேரம் மாற்றி மாற்றிச் சாகாது. காலையில் எழும்பி வராது. யாரோ கழற்றுகிறார்கள். யாரோ திருப்பிப் போடுகிறார்கள்.

எழும்பிப் போய் நடையில் பார்த்தாள். பிளக் இடத்தில்தான் இருந்தது. பச்சைப் புள்ளி எரிந்தது. குசினியில் ரத்தினம்மா ஹாஜியாருக்கு உப்பில்லாத கறி இறக்கிக்கொண்டிருந்தாள்.

நேரே கேட்டுவிடலாம். கேட்டால் பதில் வரும். பதில் வந்தால் எழுத வேண்டும். நிலூஷா திரும்பி வந்து கதிரையில் இருந்தாள். மஸாஹிரா சொன்னதுதான் உண்மையோ என்று முதல் தடவையாக நினைத்தாள்.

ரத்தினம்மா சாப்பிடக் கூப்பிட்டபோது பசியில்லை என்றாள். "என் சமையலும் சந்தேகமா?" என்று கேட்டாள் ரத்தினம்மா. சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். நிலூஷா எழும்பிப் போய்ச் சாப்பிட்டாள்.

இரண்டரைக்கு விக்டோரியா அணைப் பக்கத்து வானம் கறுத்தது. மாமரத்தில் காக்கைகள் சத்தத்தை நிறுத்தின. தூரத்தில், மலைகளுக்குப் பின்னால் யாரோ தகரம் இழுத்ததுபோல முதல் இடி உருண்டது.

நிலூஷா லப்டொப்பின் சார்ஜரைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். வயரைச் சுருட்டினாள். சுருட்டி மடியில் வைத்த பிறகுதான் தன் கையைப் பார்த்தாள்.

யாரும் சொல்லவில்லை. அவளும் யோசிக்கவில்லை. இடி கேட்டது, கை போனது.

அதே நேரத்தில் குசினியில் டக் என்று ஒரு சத்தம். பிரிஜ். டக். கேத்தல். ரத்தினம்மா வேகமாக வந்தாள். அவசரம் என்று சொல்ல முடியாத, பழகிப்போன வேகம். டீவி. டீவிக்குப் பின்னால் அன்டெனா வயர். ஹாஜியாரின் அறையில் மின்விசிறி, கட்டிலடி லாம்பு. கண்ணாடி அலுமாரியின் மேல் ஒரு துவாய். ஹப்பும் ரவுட்டரும் இருக்கிற மேல்தட்டுக்கு முன்னால் ஒரு கணம் நின்றாள். அதில் மஸாஹிராவின் கையெழுத்தில் 'இதைத் தொட வேண்டாம்' என்று ஒரு கடதாசி ஒட்டியிருந்தது. அதை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கடந்தாள். நடைக்கு வந்தாள். குனிந்தாள்.

டக்.

வெள்ளை பிளக்கைக் கழற்றி ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் போனாள். லப்டொப்பில் 'நடை பிளக்' சிவப்பாக மாறியது.

"ரத்தினம், எல்லாம் கழட்டியாச்சா?" படுக்கையிலிருந்து ஹாஜியார்.

"கழட்டியாச்சு ஹாஜியார்."

"என்ட பொய்ப்பல்லயும் கழட்டணுமா?"

"அது கரண்ட்லயா ஓடுது? வாயிலயே இருக்கட்டும்."

நிலூஷாவுக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் நின்றது. எழும்பிப் போய் ஜன்னலில் இருந்த பிளக்கைக் கையில் எடுத்தாள்.

"அக்கா, இத எப்ப திருப்பிப் போடுவீங்க?"

"அதயா? அதுலதான் ஒண்ணும் ஓடலியே. பிரிஜ்ஜும் டீவியும் மழ விட்டதும் போட்டுருவேன். அது வெடிய நட கூட்டுறப்ப கண்ணுல பட்டா போடுவேன். இருந்த எடத்துல இருக்கட்டும்னுதான்." ரத்தினம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். "ஏன் பிள்ள? அது என்ன, முக்கியமான சாமானா?"

ஓகஸ்டிலும் செப்டம்பரிலும் இடி இல்லை. தீபாவளியோடு பின்னேர இடி தொடங்கியது. லீவு முடிந்து ரத்தினம்மா வந்ததும், வானம் இருண்டதும் ஒரே கிழமையில். அவ்வளவுதான் கதை.

ஹந்தானை லயத்தில் நிலூஷாவுக்குப் பத்து வயதாக இருந்தபோது ஒரு பின்னேர இடியில் டீவி நீலப் புகை விட்டுச் செத்தது. அன்றிலிருந்து பேச்சியம்மா லொறிச் சத்தத்துக்கும் பிளக்கைப் பிடுங்குவார். இன்றைக்கும் போனில் பேசிக்கொண்டிருக்கும்போது தூரத்தில் உறுமினால், சொல்லிக்கொண்டிருந்த வார்த்தையை முடிக்காமல் வைத்துவிடுவார். அந்த வீட்டில் வளர்ந்தவள், வீட்டின் முழுப் பேச்சும் தங்கியிருக்கிற சாமானைக் கைக்கெட்டும் பொயிண்டில் செருகிவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் போயிருக்கிறாள். பெட்டரி பார்த்தாள், சிக்னல் பார்த்தாள், அலைவரிசை பார்த்தாள். வானத்தைப் பார்க்கவில்லை.

மழை கொட்டத் தொடங்கி, இடி கொஞ்சம் ஓய்ந்த இடைவெளியில் மஸாஹிராவுக்கு வீடியோ அழைப்பு எடுத்தாள். ரத்தினம்மா குசினித் துவாயைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். மெல்பனில் இரவுச் சாப்பாட்டு நேரம். மஸாஹிரா கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டாள். பிளக், கருங்கல் சுவர், பதிவு எல்லாவற்றையும் கேட்டாள்.

"அப்ப அவதான் கழட்டிருக்கா."

"ஆமா மிஸ். ஆனா அது..."

"நான் சென்னேனே. கையாலதான் நிக்குதுன்னு நான் அன்னைக்கே சென்னேன்."

ரத்தினம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கையில் இருந்த துவாயை நாலாக மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடியும் மடித்தாள்.

அப்போது வீட்டுக்கு மேலேயே விழுந்ததுபோல ஓர் இடி. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. போனுக்குள் மஸாஹிராவும் அதிர்ந்தாள்.

"அல்லாஹ்! ரத்தினம்மா, டீவியக் கழட்டியாச்சா?"

"கழட்டியாச்சும்மா."

"பிரிஜ்? வாப்பாட கட்டிலடி லாம்பு?"

"எல்லாம் கழட்டியாச்சும்மா."

"நடயில ஒரு பொயிண்ட் ஈக்குமே, உம்மா அயன் பண்ற எடம், அதுலயும் ஒண்டும் வைக்காம..."

பேச்சு பாதியில் நின்றது. பிறகு மஸாஹிரா ஒரு கையால் கண்களை மூடிக்கொண்டாள்.

"நான் அங்க இருந்தாலும் கழட்டித்தான் ஈப்பன்" என்றாள்.

உள்ளேயிருந்து ஹாஜியார், யாரோடு பேசுகிறீர்கள், மகளா என்று கேட்டார். ரத்தினம்மா போனை வாங்கிக்கொண்டு அவரிடம் போகப் போனாள்.

"ரத்தினம்மா, கொஞ்சம் நில்லுங்க. இடிக்குக் கழட்டுறன்னு எனக்கி ஒரு வார்த்த ஏன் செல்லல்ல?"

"நீங்க கேக்கலியேம்மா" என்றாள் ரத்தினம்மா. குரலில் கோபம் இல்லை. "என்னயத் தவிர எல்லார்கிட்டயும் கேட்டீங்க."

"ஏஜென்சிக்கு வேணாம்னு நான் செல்லிக்கிறன்" என்றாள் மஸாஹிரா. மன்னிப்பு என்ற சொல் அன்றைக்கு வரவில்லை. ஆனால் வாப்பாவோடு பேசி முடித்த பிறகு, போனை ரத்தினம்மாவிடம் கொடுக்கச் சொன்னாள். குசினிக்குள் போய் அவர்கள் வெகுநேரம் பேசினார்கள். இடி அதற்கு வழிவிட்டது.

ஜீவனின் ரிப்போர்ட்டில் மூன்று கட்டங்கள். நிலூஷா மூன்றையும் விட்டுவிட்டு, அடியில் கையால் எழுதினாள்: 'பொருத்தியவர் தவறு. இடி நேரத்தில் வீட்டார் பிளக் கழற்றுவது வழக்கம். அதைக் கேட்டறியாமல் பொருத்தப்பட்டது.' கீழே கையொப்பம்.

ஜீவன் இரண்டு தடவை வாசித்தான். "உனக்குப் பைத்தியமா? அந்தப் பொம்பளதானே கழட்டியிருக்கு. பாவனையாளர் தவறுன்னு ஒரு கோடு போட்டா முடிஞ்சுது."

"அந்தக் கோட்ட அந்த வீட்டுல வாசிப்பாங்க."

"வாசிச்சா?"

"சந்தேகம் திரும்பவும் வரும், ரத்தினம்மாவ அனுப்பிருவாங்க. நீங்க போய் ஹாஜியாருக்குக் கஞ்சி வைப்பீங்களா?"

ஹோட்டல் வேலையின் தலைமை, அதே கடையில் வேலை செய்யும் திவாகரனுக்குப் போனது. நிலூஷாவுக்குக் கீழ்த்தளம் மட்டும். ஜீவன் மூன்று நாள் முகம் கொடுக்கவில்லை. நாலாம் நாள், வீடுகளுக்குக் கொண்டுபோகிற படிவத்தில் முதல் கேள்வியாக ஒன்றைப் புதிதாக அச்சடித்து மேசையில் போட்டான்: 'இடி இடித்தால் எதையெல்லாம் கழற்றுவீர்கள்?'

இதற்கிடையில் அந்தச் சனிக்கிழமை, வர இருந்த புது ஆளுக்குப் பதில் நிலூஷாதான் திகன வீட்டுக்குப் போனாள். கையில், கரண்ட் வெட்டுக் காலத்தில் ரவுட்டருக்கென்று ஊரெல்லாம் வாங்கி வைத்த சின்ன யூபிஎஸ் பெட்டி ஒன்று. வெள்ளை பிளக்கை எடுத்துவிட்டு, வயரில் ஓடுகிற இன்னொரு தரகரை அந்தப் பெட்டியோடு பொருத்தி, நடை அலுமாரிக்கு மேல் வைத்தாள்.

ரத்தினம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். "இனி இதயும் தொடக் கூடாது. எழுதி ஒட்டிரு."

"கழட்டுங்கக்கா. தாராளமாக் கழட்டுங்க. சுவர்ல இருந்து கழட்டினாலும் இது அஞ்சு மணித்தியாலம் உள்ள இருக்கிற பெட்டரியில ஓடும். மழ விட்டதும் பிரிஜ்ஜோட சேர்த்து இதயும் போட்டுருங்க. அது மட்டும்தான்."

"அப்ப அந்தப் பொட்டி?" மேல்தட்டைக் காட்டினாள். "இடி இடிக்கிறப்ப எல்லாம் அத நெனச்சுத்தான் எனக்குப் பயம். வீட்ட எரிச்சாலும் எரிச்சிரும். ஆனா தொடாதன்னு எழுதியிருக்கே."

நிலூஷா அங்கேயும் ஒரு யூபிஎஸ் இருப்பதைப் பார்த்தாள். கடதாசியை எடுக்கலாமா என்று மஸாஹிராவுக்கு ஒரு செய்தி போட்டுக் கேட்டாள். பதில் உடனே வந்தது. ஏணியில் ஏறி, 'இதைத் தொட வேண்டாம்' கடதாசியை உரித்தாள். ரத்தினம்மா அதை வாங்கி, கசக்காமல், மடித்து, அடுப்பு பற்ற வைக்கிற கடதாசிகளோடு வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை நிலூஷா பேராதனையில் ஒரு வீட்டுக்குள், மத்தியானத்தில் முடியாமல் இழுத்த கமரா ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். இரண்டே முக்காலுக்கு வானம் உறுமியது. வீட்டுக்காரப் பெண் வந்து, தங்கச்சி, கொஞ்சம் இறங்குங்க, மெயினை நிப்பாட்டப் போறேன் என்றாள். நிலூஷா இறங்கினாள். ஏணியில் சாய்ந்துகொண்டு போனைத் திறந்து, திகன வீட்டின் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். முன்கதவு, பின்கதவு, அறை, பாத்ரூம். நாலும் பச்சை.

போன் அடித்தது.

"பிள்ள, எல்லாத்தயும் கழட்டிட்டேன். அந்தப் பொட்டியயும் கழட்டிட்டேன். பச்ச எரியுதா?"

"எரியுதுக்கா. நாலும் எரியுது."

"மஸாஹிராம்மாவுக்கும் எரியுதாம், இப்பத்தான் சொன்னாங்க. ஹாஜியார் தூங்குறாரு. நீ சாப்பிட்டி..."

திகனப் பக்கத்தில் ஓர் இடி விழுந்தது போனுக்குள் கேட்டது. ரத்தினம்மா கேள்வியை முடிக்காமலே வைத்துவிட்டாள்.